சேலம் டு டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், உண்மையில் எத்தனை மணி நேரம்?

சேலத்திலிருந்து கனடாவின் டொராண்டோ எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் சுமார் 13,460 கிலோமீட்டர், 15 மணி நேரம் என்று ஒரு கணக்கு வரும். டிக்கெட் போட்டுத் தருகிற ஏஜென்ட்டைக் கேட்டால் 21 மணி நேரம் என்பார். சேலத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டும்வரை கணக்குப் போட்டால் 33 மணி நேரம் ஆகிவிடுகிறது. முதல்முறை போகிறவர்கள் 15-ஐயோ 21-ஐயோ நம்பித் திட்டம் போட்டுவிட்டு, நடு ராத்திரியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் தவித்து நிற்கிறார்கள்.

மகள் படிக்கப் போனபோது இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒவ்வொருவரிடம் அலைந்தோம். அப்புறம் நானும் வீட்டுக்காரரும் அவளைப் பார்க்கப் போய்வந்தோம். சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கத்திலிருந்து கிளம்புகிற மாணவர்களும் பெற்றோர்களும் அதே அலைச்சல் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தூரத்தை மறந்துவிடுங்கள், எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்

இது பலரும் நம்பாத விஷயம். பெங்களூரிலிருந்து டொராண்டோ நேர்கோட்டில் சுமார் 13,300 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் மேற்கே போவது போலத் தெரியும். உண்மையில் மிகக் குறுகிய வழி வடக்கே ஏறி, ஆர்க்டிக் பக்கம் சுற்றி, கீழே இறங்குகிறது. தென்னிந்தியாவிலிருந்து அந்த வழியில் நேரடி விமானம் இல்லை. எங்காவது ஓர் ஊரில் மாறித்தான் ஆகவேண்டும்.

துபாய் வழியாகப் போனால் 2,700 + 11,080, ஆகமொத்தம் சுமார் 13,780 கி.மீ. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 7,400 + 6,340, அதாவது 13,740. லண்டன் வழியாக 8,040 + 5,710, அதாவது 13,750. மூன்றுக்கும் நடுவில் வித்தியாசம் 40 கிலோமீட்டர்தான், நம்ம ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி இறங்கும் தூரம்கூட இல்லை. டெல்லி வழியாகப் போனால் இன்னும் சுருக்கம், சுமார் 13,340. ஹாங்காங் வழி மட்டும் 16,500-ஐத் தொடும். அந்த டிக்கெட் மலிவாக இருந்தாலும் உடம்பு தாங்குமா என்று யோசித்து எடுங்கள்.

டெல்லி வழி குறுக்கு வழியாயிற்றே என்று தோன்றும். ஆனால் 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவன விமானங்களுக்கு மூடப்பட்டது. அது மூடியிருக்கும்வரை அந்த விமானங்கள் சுற்றித்தான் போகவேண்டும். கிலோமீட்டர் குறைவாக இருந்தும் நேரம் கூடுவது அதனால்தான். டிக்கெட் எடுக்கும்போது தேடல் பக்கத்தில் வரும் தூரத்தை விட்டுவிட்டு, நீங்கள் போகும் தேதிக்கு விமான நிறுவனம் போட்டிருக்கும் புறப்பாடு, வருகை நேரங்களை மட்டும் பாருங்கள்.

2. எந்த விமான நிலையத்திலிருந்து ஏறுவது என்று முடிவு செய்யுங்கள்

பணமும் நேரமும் அதிகம் வீணாவது இங்கேதான். விமானத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த முதல் 250 கிலோமீட்டரைக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள்.

பெங்களூரு: சேலத்திலிருந்து நகரம் 200 கி.மீ. விமான நிலையம் நகரத்தையும் தாண்டி தேவனஹள்ளியில் இருக்கிறது. கிட்டத்தட்ட 240 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரை சாலை நன்றாக இருக்கும். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் நம் கணக்கு எதுவும் செல்லாது. சில்க் போர்டும் ஹெப்பாளும் மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் நகரத்தைக் கடக்கவேண்டி இருந்தால் ஆறரை.

சென்னை: ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் சுமார் 335 கி.மீ. தூரம் அதிகம்தான். ஆனால் விமான நிலையம் நாம் நுழைகிற பக்கத்திலேயே இருக்கிறது, நகருக்குள் போகவேண்டியதில்லை. ஆறு மணி நேரம் போதும். ஞாயிறு மாலையும் பண்டிகை முடிந்த மறுநாளும் செங்கல்பட்டிலிருந்தே வண்டி ஊர்ந்துதான் போகும்.

ரயிலில் போவதென்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் சேலத்தைத் தாண்டி விடிகாலையில் சென்னை சென்ட்ரல் சேர்க்கும். அங்கிருந்து விமான நிலையத்துக்கே மெட்ரோ போகிறது. தனியாக, ஒரே பெட்டியோடு போகிற மாணவருக்கு இது நல்ல வழி. 23 கிலோ பெட்டி இரண்டை இழுத்துக்கொண்டு போகும் வயதானவர்களுக்கு வேண்டாம்.

கோயம்புத்தூரும் திருச்சியும் கிட்டத்தில்தான் இருக்கின்றன. அங்கிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானங்கள் உண்டு. டொராண்டோ வரை ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். பாதிவரை ஒரு டிக்கெட், மீதிக்கு வேறொன்று என்றால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம்ம காமலாபுரம் விமான நிலையம்: ஊரிலிருந்து 20 கி.மீ. தொலைவுதான், ஆசையாகத்தான் இருக்கும். 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வரத் தொடங்கியதிலிருந்து பலரும் இதைக் கேட்கிறார்கள். மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, எந்தக் கிழமை எந்த ஊருக்கு விமானம் என்பது அடிக்கடி மாறுகிறது. இரண்டு, உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரணமாக 15 கிலோதான் செக்-இன் பெட்டிக்கு அனுமதி. கனடா போகிறவர் 46 கிலோவோடு நிற்பார், மீதி ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம். மூன்று, மழையிலோ பனியிலோ விமானம் தாமதமானால் உங்கள் பன்னாட்டு விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்குவதானால் மட்டும் இந்த வழி சரிவரும்.

ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பாறையோ மரமோ சரிந்தால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். நாகலூர், வெள்ளக்கடை பக்கத்து வீடுகள் என்றால் இன்னும் உள்ளே. முந்தின நாள் வெளிச்சத்திலேயே இறங்கி, சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். சென்னை போகிறவர்கள் குப்பனூர் சாலை வழியாக இறங்கினால் அயோத்தியாப்பட்டணத்தில் நேராக ஆத்தூர் ரோட்டைப் பிடிக்கலாம்.

டிராப் டாக்ஸி பேசும்போது கிலோமீட்டர் கட்டணத்தை மட்டும் கேட்டால் போதாது. சுங்கச்சாவடிக் கட்டணம், டிரைவர் பேட்டா, கர்நாடக பர்மிட், விமான நிலைய பார்க்கிங் எல்லாம் சேர்த்தா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பர்மிட் பணம் கேட்டு டிரைவர் நம்மைத் திரும்பிப் பார்க்கிற நிலை வரக்கூடாது. பேருந்தில் போகிறவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் அங்கிருந்து விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா பேருந்து உண்டு. நீங்கள் ஏறும் பேருந்து அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

3. டிக்கெட்டை ஒரே பி.என்.ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று துபாய் வரை ஒரு டிக்கெட், துபாயிலிருந்து டொராண்டோவுக்கு வேறு டிக்கெட் என்று இரண்டாகப் போட்டுத் தருகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரே தாளில் அழகாக அச்சடித்திருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால், அந்த இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் இல்லை. புது டிக்கெட் உங்கள் செலவு. பெட்டியும் டொராண்டோவுக்கு நேராகப் போகாது, நீங்களே எடுத்து மறுபடி போடவேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்பார்கள்.

ஒரே பி.என்.ஆர் என்றால் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் வேலை. பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம், "இது மொத்தமும் ஒரே பி.என்.ஆரா? பெட்டி டொராண்டோ வரை டேக் ஆகுமா?" என்று கேளுங்கள். பதில் எதுவானாலும், பி.என்.ஆர் எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு பயணமும் அதில் தெரியவேண்டும்.

மாறும் ஊரில் எவ்வளவு இடைவெளி? ஒன்றரை மணி நேரம் போதும் என்று விற்பார்கள். வாக்கிங் ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு, முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். நான்கு இருந்தால் நிம்மதி. ஏழு, எட்டுக்கு மேல் போனால் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒடிந்துவிடும். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

மாறும் ஊரைப் பொறுத்து விசாச் சிக்கலும் வரும். துபாய், தோஹா, அபுதாபியில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவதற்கு விசா வேண்டாம். அமெரிக்காவில் எந்த ஊரில் மாறினாலும் அமெரிக்க விசா கண்டிப்பாக வேண்டும், அங்கே உள்ளுக்குள்ளேயே மாறும் ஏற்பாடு இல்லை. நியூயார்க் வழி டிக்கெட் மலிவாக வந்தால் ஏமாறாதீர்கள். லண்டன் வழியாகப் போக, செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் பொதுவாகத் தனி டிரான்சிட் விசா தேவைப்படாது. ஐரோப்பிய ஊர்களில் விதி நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கட்டணம் எப்போது ஏறும் என்றால், கல்லூரி திறக்கும் செப்டம்பருக்கு முன் ஆகஸ்ட் முழுக்க, அப்புறம் டிசம்பர் இரண்டாம் பாதி. விசா கையில் வராமல் திரும்பப் பெறமுடியாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஆனால் விசா வந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

4. கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் இருப்பது எல்லாம் அந்தந்த ஊர் நேரம். டொராண்டோ நமக்குப் பின்னால் இருக்கிறது: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம், மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம். கோடைக்காலப் பயணம் ஒன்றை மாதிரிக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

செவ்வாய் இரவு 7.30-க்கு சேலத்தில் கிளம்பி, நள்ளிரவு 1 மணிக்கு தேவனஹள்ளி. விமானம் புதன் அதிகாலை 4.30. நான்கு மணி நேரத்தில் துபாய். அங்கே காலை 7, நமக்கு 8.30. மூன்று மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் 14 மணி நேரம் பறந்து டொராண்டோவில் இறங்கும்போது அங்கே புதன் மாலை 4 மணி, நம் ஊரில் வியாழன் நள்ளிரவு தாண்டி 1.30. வெளியே வர இரண்டு மணி நேரம், ஸ்கார்பரோ போய்ச்சேர ஒரு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், 33 மணி நேரம்.

இதில் சறுக்குவது தேதி. "புதன்கிழமை விமானம்" என்று நினைத்துப் புதன் சாயங்காலம் கிளம்புகிறவர்கள் உண்டு. அதிகாலை 4.30 என்றால் செவ்வாய் மாலையே வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும். காலண்டரில் செவ்வாய்க்கு வட்டம் போடுங்கள்.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் ஒரு மணி நேரம்வரை குறையும். ஆனால் தேதி இரண்டு தாண்டும். திங்கள் இரவு 10-க்கு டொராண்டோவில் ஏறினால் புதன் விடிகாலை பெங்களூரு. செவ்வாய்க்கிழமை முழுவதும் விமானத்திலும் விமான நிலையத்திலும் போய்விடும். அலுவலக விடுப்பு, கல்யாணத் தேதி எல்லாம் இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

5. காகிதங்கள்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் சேலத்திலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் மையத்தில் விண்ணப்பிக்கலாம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. 60 வயது தாண்டியவர்கள் முதல்முறை சாதாரண முறையில் எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. பழைய பாஸ்போர்ட் என்றால், திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெயர்கள் ஒரு பெரிய தொல்லை. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, பிள்ளையின் கல்லூரிக் கடிதத்தில் வேறு வரிசை என்று இருக்கும். டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து ஒன்றுகூட மாறக்கூடாது. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்குப் பெயரை எப்படிப் போடவேண்டும் என்று விமான நிறுவனத்திடமே கேட்டுப் போடுங்கள். ஏஜென்ட்டின் ஊகத்துக்கு விடவேண்டாம்.

கனடா பார்வையாளர் விசாக் கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. கைரேகை ஒருமுறை கொடுத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். சேலத்துக்காரர்களுக்கு கைரேகை மையம் சென்னை அல்லது பெங்களூரு. எது முதலில் கிடைக்கிறதோ அங்கே நாள் வாங்குங்கள். பிள்ளை அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை (பி.ஆர்) பெற்றிருந்தால் பெற்றோருக்கு சூப்பர் விசா இருக்கிறது. ஒருமுறை போனால் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். அதற்கு 1,00,000 கனடா டாலர் அளவு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கைப்பையில், பெரிய பெட்டியில் வேண்டாம், இவை இருக்கட்டும்: பாஸ்போர்ட், விசா, திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம், தங்கும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தாளில் எழுதியது, காப்பீடு, மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு. மாணவர் என்றால் படிப்பு அனுமதிக்கான அறிமுகக் கடிதம், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், பணம் கட்டிய ரசீது. எல்லாமே அச்சில். இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்காது, சிம்மும் வேலை செய்யாது.

6. பெட்டி

எத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். இரண்டு பெட்டி, தலா 23 கிலோ என்றால் ஒன்றில் 26, இன்னொன்றில் 20 என்று வைக்கமுடியாது. வீட்டிலேயே தராசில் நிறுத்து 22-ல் நிறுத்துங்கள். ஊறுகாய், எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

சேவராய் மலைக் காப்பித்தூளும் மிளகும் கொண்டுபோகாமல் யாரும் கிளம்ப மாட்டோம். கொண்டுபோங்கள், ஆனால் கனடாவில் உணவு, செடி, விதை எதுவாக இருந்தாலும் படிவத்தில் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், கூடாதது என்றால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். மல்கோவா சீசன் என்று பழக்கூடையைத் தூக்கவேண்டாம், விதைப் பொட்டலமும் வேண்டாம்.

7. கிளம்பும் நாள்

பெங்களூரில் பன்னாட்டு விமானங்கள் இரண்டாவது டெர்மினலில். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்றரை மணி நேரம் முன்னால் உள்ளே இருங்கள், செக்-இன் கவுன்ட்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பெட்டியில் ஒட்டும் டேக்கில் கடைசி ஊர் ஒய்.ஒய்.இசட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடு. இரண்டு போர்டிங் பாஸும் கையில் வந்த பிறகே கவுன்ட்டரை விட்டு நகருங்கள்.

8. இறங்கியதும்

மான்ட்ரியால் அல்லது வான்கூவரில் மாறி டொராண்டோ போகும் டிக்கெட் என்றால் குடிவரவுச் சோதனை அந்த முதல் ஊரிலேயே நடக்கும். அங்கே மூன்று மணி நேரம் வேண்டும். பியர்சனிலேயே நேராக இறங்கினால் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, அதிகாரியிடம் பேசி, பெட்டி எடுக்க இரண்டு மணி நேரம். மாணவர்கள் படிப்பு அனுமதித் தாளை அங்கேயே அச்சடித்து வாங்கவேண்டும், அந்த வரிசை தனி. செப்டம்பருக்கு முந்தின வாரங்களில் அது நீளும், அழைக்க வருகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். வாங்கிய தாளில் பெயர், பாடம், தேதி எல்லாம் சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள், வெளியே வந்தபின் திருத்துவது பெரிய வேலை.

யாரும் வரவில்லை என்றால் விமான நிலையத்திலிருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு யூ.பி. எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் போகும். அங்கிருந்து நகரத்தின் மற்ற பகுதிகளுக்கு மாறலாம்.

ஊர் திரும்பும் நாளுக்கும் வண்டியை இப்போதே பேசிவையுங்கள். விடிகாலை பெங்களூரில் இறங்குகிறவர்களை அழைக்க வீட்டுப் பையன் ராத்திரி முழுக்க ஓட்டி வந்து, தூங்காமல் அப்படியே திரும்பி ஓட்டுவான். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே அந்தக் கண்ணோடு வரவேண்டாம். தூங்கி எழுந்த டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் கிருஷ்ணகிரியில் நிறுத்தி, எல்லோரும் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்த பிறகு கிளம்புங்கள்.